பழைய கடலின் கரை எது?

உயிர்ச்சுவடு தேடிப் புறப்படுகிறவர்களுக்குச் சுத்தியலுக்கு முன்னரே தேவைப்படுவது, எந்த மண்ணின் கீழ் எந்தக் காலத்துப் பாறை கிடக்கிறது என்று காட்டும் புவிச்சரிதவியல் வரைபடமாகும். ஏனெனில் கடல் அருகில் இருப்பதனால் மட்டும் ஓர் ஊரில் பழைய கடலின் எச்சங்கள் கிடைத்துவிடுவதில்லை. கல்முனைக் கரையோரமே இதற்கு நல்ல சான்று. மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை ஊர்கள் வங்கக் கடலைப் பார்த்தபடி வரிசையாக அமைந்திருக்க, கல்முனைக்கு மேற்கே நீரையும் வயலையும் கடந்து சென்றால் சொறிக்கல்முனை வருகிறது. இந்தப் பரப்பில் எங்கு ஆழத் தோண்டினாலும், மணலும் வண்டலும் நீங்கிய பின் தட்டுப்படுவது எந்தக் கடலுயிரின் தடயத்தையும் வைத்திருக்க இயலாத ஒரு பாறைதான்.

புவிச்சரிதவியலாளர் அதனை விஜயன் தொகுதி என்பர். இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய மிகப் பழைய உருமாறிய பாறைகளால், அதாவது முன்னர் இருந்த பாறைகள் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டுக் கனிமங்கள் புதிதாக ஒழுங்குபட்டதனால் தோன்றிய பாறைகளால் ஆனது. பொத்துவில், அறுகம்குடாப் பக்கத்தில் மணலைக் கிழித்துக்கொண்டு தலைநீட்டும் பாறைகளில் கருமையும் வெண்மையுமாக மாறிமாறி ஓடும் பட்டைகள் அந்த மாற்றத்தின் அடையாளம். அவ்வாறு பட்டையிட்ட பாறைக்கு நைஸ் என்று பெயர். விஜயன் தொகுதிப் பாறைகளின் மூலப்பொருள் ஏறத்தாழ 1,000 மில்லியன் ஆண்டு பழமையானது. ஓடு தாங்கிய விலங்குகள் கடலில் பெருகத் தொடங்கியதோ ஏறத்தாழ 540 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர்தான். ஆகவே இப்பாறைகள் வெப்பத்தில் வேகாமல் தப்பியிருந்தாலும் அவற்றுள் சிப்பியோ மீன் பல்லோ இருக்க வழியில்லை. மாத்தளை, திகன பகுதிகளில் வெட்டப்படும் சலவைக்கல்லும் அவ்வாறே. அது ஒருகாலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பாக இருந்திருப்பினும், பளிங்காக மாறிய பின் அதில் தேட ஒன்றும் மிஞ்சவில்லை.

மட்டக்களப்பு வாவியின் தென்பகுதியை அண்டி வாழ்வோர் கிணறு வெட்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ சேற்றினடியிலிருந்து மட்டியும் சிப்பியும் வெளிப்படுமாயின், அவற்றைப் பழைய கடலின் கல்லான எச்சங்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. இலங்கையின் தென்கரையில் அக்குரல முதலிய இடங்களில் இன்றைய கடலோரத்துக்கு உள்ளே நிலத்தடியில் கிடைக்கும் பவளப் படிவுகளின் வயதைக் கணித்ததிலிருந்து, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் இத்தீவைச் சூழ்ந்த கடல் இன்றிருப்பதைவிடச் சற்று உயர்ந்து நின்றது என்பது தெளிவாகியுள்ளது. அவ்வாறான காலத்துச் சிப்பிகள் இன்னும் கல்லாகவில்லை. அவை இன்றும் உயிரோடுள்ள இனங்களின் ஓடுகளே. அறிவியலில் அவற்றுக்கும் மதிப்புண்டு, கடல்மட்டம் ஏறி இறங்கிய கதையைச் சொல்ல அவற்றைவிட்டால் வேறு சாட்சி குறைவு. ஆயினும் மறைந்துபோன உலகம் ஒன்றைத் தேடுகிறவர் அவற்றோடு நிறைவடைய மாட்டார்.

அத்தகையவர் செல்ல வேண்டியது மயோசீன் காலப் பாறைகள் வெளித்தெரியும் இடங்களுக்கு. மயோசீன் என்பது ஏறத்தாழ 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி 5.3 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் முடிவுற்ற காலப்பகுதி. அக்காலத்தின் முற்பகுதியில் தீவின் வடக்கையும் வடமேற்கையும் ஆழமற்ற வெதுவெதுப்பான கடல் மூடியிருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்பே புத்தளத்துக்கு வடக்கிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை பரந்து கிடக்கிறது. இதனைப் பற்றி இ. ஜே. வேலண்ட், ஏ. மோர்லி டேவிஸ் ஆகிய இருவரும் எழுதிய விரிவான ஆய்வு 1923 இல் இலண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பின்னர் 1939 முதல் 1963 வரை தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல, இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் அகப்பட்ட காண்டாமிருக, நீர்யானை எச்சங்களால் பெயர் பெற்றவராயினும், மயோசீன் முதுகெலும்பிகளையும் விட்டுவைக்கவில்லை.

வரைபடத்தில் அம்பாறைக் கரைக்கு மிக அண்மையில் உள்ள மயோசீன் திட்டு தென்கிழக்கில் மினிஹாகல்கந்தவில் இருக்கிறது. மணற்கல்லும் களியும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகத் தெரியும் அந்தக் கடலோரக் குன்று வடக்குப் பெருந்திட்டிலிருந்து முற்றாகப் பிரிந்து தனியே நிற்பதனால், அதே கடல் தீவின் மறுபக்கத்தையும் தொட்டிருந்தது என்பதற்கு அரிய சான்றாக விளங்குகிறது. ஆனால் அது யால தேசியப் பூங்காவினுள் அமைந்துள்ளது. பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு விரும்பிய இடத்தில் இறங்கவும் முடியாது, ஒரு கல்லைக்கூட எடுத்து வரவும் சட்டம் இடந்தராது. அண்மையில் இருப்பது அணுக முடியாததாகவும், அணுகக்கூடியது தீவின் மறுகோடியிலும் இருப்பது கிழக்கு மாகாணத்து ஆர்வலர்களின் தலைவிதி போலும்.

எனவே வெள்ளி ஜும்ஆ முடிந்து புறப்பட்டு ஞாயிறு இரவு ஊர் திரும்ப எண்ணும் குழுவினர்க்கு எஞ்சுவன புத்தளமும் யாழ்ப்பாணமுமே. புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லுப் பகுதியிலுள்ள அறுவைக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. வெட்டப்பட்ட கல் தொடருந்தில் ஏற்றப்பட்டுப் புத்தளம் தொழிற்சாலைக்குச் செல்கிறது. அங்கு அரைக்கப்பட்டு உலையில் எரிக்கப்படும் கல்லின் பெரும்பகுதி கடலுயிர்களின் ஓடுகளும் அவற்றின் துகள்களும் ஆகையால், புத்தளம் சீமெந்து கொண்டு கல்முனையில் கட்டப்பட்ட ஒரு வீட்டின் சுவரிலும் மயோசீன் கடலின் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. கல்வெட்டுக் குழியினுள் நுழைய நிறுவனத்தின் முன்னனுமதி இன்றியமையாதது. வெடிவைக்கும் நேரமும் பாரவூர்திகளின் ஓட்டமும் அங்கு விளையாட்டல்ல. பாடசாலைக் குழுவாகச் செல்வோர் அதிபரின் கடிதத்தோடு வாரங்களுக்கு முன்னரே எழுதிக் கேட்பதே முறை.

இவ்வகைச் சுண்ணாம்புக்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போர் முதலில் ஏமாற்றமடைவது இயல்பு. கடற்கரையில் பொறுக்கிய சங்கைப் போல முழுமையான ஓடு எதுவும் தென்படாது. மஞ்சள் கலந்த வெண்ணிறக் கல்லில் பொள்ளல்களும் புரையோடிய குழிகளுமே கண்ணில் படும். அக்குழிகளை உற்றுநோக்க வேண்டும். ஒரு குழியின் உட்சுவரில் நெருங்கிய கோடுகள் வளைந்து செல்வதையும், அதன் நடுவில் திருகிய கூம்பு ஒன்று கல்லாகவே நிற்பதையும் காணலாம். குழியின் சுவர் ஓர் ஊரியின் வெளிப்புறம் பதிந்த அச்சு. நடுவில் நிற்கும் கூம்பு, அந்த ஓட்டினுள் புகுந்து இறுகிய சேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடமே ஓடு இருந்த இடம். ஊரி, சங்கு போன்றவற்றின் ஓடு அரகோனைற்று என்ற கனிமத்தாலானது. சுண்ணாம்பின் ஒரு வடிவமாகிய அது மழைநீர் ஊடுருவும்போது எளிதிற் கரைந்துவிடும். மாறாக, ஆளிச்சிப்பியின் ஓடு கல்சைற்று என்ற உறுதியான வடிவத்தாலானதால், அதே கல்லில் அதற்குப் பக்கத்திலேயே தடித்த ஏடுகளோடு முழுமையாகப் பிழைத்திருக்கும். எது மிஞ்சியது, எது கரைந்தது என்பதைக் கொண்டே அக்கல் கடந்து வந்த வழியை ஒருவர் படித்துவிடலாம். ஐயம் எழுந்தால் கல்லின் புதிதாக உடைந்த முகத்தில் ஒரு துளி வினாகிரி விட்டுப் பார்க்கலாம்; சுண்ணாம்பாயின் நுரைக்கும், நைஸ் ஆயின் பேசாமலிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கரைதல் பெருமளவில் நடந்திருக்கிறது. ஓடுகள் கரைந்த புரைகளும் பாறையின் வெடிப்புகளும் ஒன்றோடொன்று இணைந்து நிலத்தடிக் குகைகளாகவும் நீர்வழிகளாகவும் விரிந்ததன் விளைவுகளே நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்றில்லாத குடாநாடு வேளாண்மை செய்து வாழ்வது இந்தப் புரையோடிய கல் மழைநீரைத் தேக்கிவைப்பதனால்தான். கீரிமலையை அண்டிய கரையில் கல் நன்றாக வெளித்தெரிகிறது. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றுபோன பின், அதன் பழைய கல்வெட்டுக் குழிகளில் நீர் தேங்கிவிட்டது. அப்பகுதியில் நடப்போர் கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட பாதைகளை விட்டு விலகாதிருப்பது நன்று. நெடுந்தீவில் காணிகளைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கும் வேலிக் கற்கள் பவளம். அவை மயோசீனைவிட மிகவும் இளையவையாயினும், சுத்தியல் எடுக்காமலேயே பவளத்தின் உள்ளமைப்பைப் பார்த்துப் பழக அவற்றைவிட வசதியான இடம் கிடையாது.

யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லின் வயதை நிறுவியவை பெரிய சங்குகளோ எலும்புகளோ அல்ல. கைவில்லையின் உதவியோடு மட்டுமே தெளிவாகத் தெரியும் போரமினிபெரா என்னும் ஒற்றைக்கல உயிர்களின் ஓடுகள். ஒரே ஒரு கலத்தாலான உயிராயினும், பல அறைகள் கொண்ட சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொள்ளும் திறன் அவற்றுக்கு உண்டு. அவற்றுள் தபெரினா மலபாரிக்கா என்பது சில மில்லிமீற்றர் அளவிலான வட்டத்தட்டு. ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்த இது, முன் மயோசீனின் ஒரு பகுதிக்கே உரியதாதலால், எந்தக் கல்லில் இது காணப்படுகிறதோ அந்தக் கல் ஏறத்தாழ 20 முதல் 16 மில்லியன் ஆண்டுகளுக்கு இடைப்பட்டதென்று கொள்ளலாம். கேரளத்தில் கொல்லத்துக்கு அண்மையிலுள்ள படப்பக்கரையின் சுண்ணாம்புக்கல்லிலும் இதே உயிர் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் ஒரே கடலின் அடித்தளமாக இருந்ததை இந்தச் சிறு தட்டைவிடத் திட்டவட்டமாக உரைப்பது வேறில்லை. சுறாப்பல் தேடி வந்தவர்கள் இத்தட்டுகளை மிதித்துக்கொண்டு நடப்பதுதான் வழக்கம்.

சுறாப்பல் மீதான மோகத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சுறாவின் உடலைத் தாங்குவது எலும்பல்ல, கசியிழையம். அது விரைவில் அழுகிவிடும். பல்லோ மிகக் கடினமான மேற்பூச்சு உடையது. மேலும் ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துப் புதியவற்றை முளைப்பிக்கிறது. ஆகவே சுறாக்கள் வாழ்ந்த கடலடி எதிலும் பற்கள் மிஞ்சுவது எதிர்பார்க்கக்கூடியதே, அறுவைக்காட்டுப் படிவுகளிலும் அவை கிடைத்துள்ளன. அங்கு கடற்பசு இனத்தின் எலும்புகளும் கிடைத்திருப்பது இன்னும் சுவையானது: கடற்பசுவின் விலா எலும்பு, அது நீருக்கடியில் எளிதாக அமிழ்ந்து மேய உதவும் வகையில், உட்புழை இல்லாது திண்ணென்று இருப்பதனால் மற்றைய எலும்புகளைவிட நன்றாகப் பிழைக்கிறது. மன்னார், புத்தளம் மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் விலங்கின் பழைய உறவினமே அது. கடற்புல் வளர்ந்த ஆழமற்ற கடல் அன்றும் அங்கிருந்தது.

மயோசீனுக்கும் முந்திய கடலைக் காண விரும்புவோர்க்கு இலங்கையில் நிலத்தின் மேல் இடமில்லை. 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, ஆழத்தில் கிரீத்தேசியக் காலப் படிவுகள், அதாவது 145 முதல் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தவை, எதிர்ப்பட்டன. இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவும் ஒன்றாயிருந்து பிரியத் தொடங்கியபோது ஏற்பட்ட தாழ்நிலமாகிய காவிரிப் படுகையின் தொடர்ச்சியே அது. பேசாலையில் ஆழத்தில் புதைந்து கிடக்கும் அதே காலப் படிவுகள் தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் வெயில் காய்கின்றன. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வானூர்தியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கல்முனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் செல்லும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், வேற்று நாட்டுப் பயணம் என்று மலைக்க வேண்டியதில்லை.

1840களில் சி. டி. கே, கன்லிஃப் ஆகிய இருவரும் தென்னிந்தியாவில் திரட்டிய சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இல் விவரித்து வெளியிட்டதிலிருந்து அரியலூர்ப் பகுதி உலக அறிஞரின் கவனத்துக்கு வந்தது. எச். எஃப். பிளான்ஃபோர்ட் அதனை நடந்து அளந்து 1862 இல் வெளியிட்ட அறிக்கையில் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்தார். அந்தப் பகுப்பின் அடித்தளம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதன்பின் பெர்டினண்ட் ஸ்டோலிஸ்கா பத்தாண்டு உழைத்து அங்குள்ள முதுகெலும்பில்லாக் கடலுயிர்களைப் பெரிய தொகுதிகளாக விவரித்தார். யார்க்கண்ட் தூதுக்குழுவோடு சென்று திரும்பும் வழியில் 1874 இல் லடாக்கில் அவர் இறந்தார். அரியலூர் நத்தைகளுக்கும் சிப்பிகளுக்கும் இன்று வழங்கும் அறிவியற் பெயர்களில் பல அவர் இட்டவை.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரை அடுத்த செம்மண், சாம்பல் நிறக் களித் தரிசுதான் இப்பகுதியில் ஒருநாள் மட்டும் கிடைப்பவர்கள் செல்ல வேண்டிய இடம். மழைநீர் அறுத்த ஓடைகளின் சரிவுகளில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்ன, அவற்றிடையே துப்பாக்கி ரவை போன்ற பழுப்பு நிறக் கற்கள் உதிர்ந்து கிடக்கும். அவை பெலம்நைற்று என்ற, கணவாய்க்கு உறவான உயிரின் உள்ளோட்டு முனைகள். அமோனைற்று என்பதும் அதே உறவினதே. சுருண்ட ஓட்டின் கடைசி அறையில் உயிர் வாழ, பின்னுள்ள அறைகளில் நிரம்பியிருந்த வாயுவின் துணையால் அது கடலில் மிதந்தது. மேலோடு உரிந்த அமோனைற்றின் பக்கத்தில், அறைகளைப் பிரித்த சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் வளைந்து நெளிந்த கோடுகளாகத் தெரியும். இனத்துக்கு இனம் அக்கோடு வேறுபடுவதனால் பெயர் அறிவதற்கு அறிஞர்கள் பெரிதும் நம்புவது அதனையே. 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் டைனோசர்களோடு அமோனைற்றுகளும் அற்றுப்போயின. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லோ தடித்த கிரைபியா சிப்பிகளால் நிறைந்தது. அதுவும் சீமெந்து உலைக்கே போகிறது. வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் இவற்றை முதலில் பார்த்துவிட்டுக் களத்துக்குச் செல்வது கண்ணைப் பழக்கும். சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீற்றர் நீளத்தில் கிடக்கும் கல்மரம், கரையிலிருந்து கடலுக்கு அடித்துவரப்பட்டுச் சிப்பிகளோடு புதைந்தது.

தவறான அடையாளமும் இப்பகுதியில் அதிகம். 2020 இல் குன்னம் அருகே குளம் ஆழப்படுத்தியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி சமூக ஊடகங்களில் காட்டுத்தீயாய்ப் பரவியது. பார்வையிட்ட புவியியலாளர்கள் அவை முட்டைகளல்ல, அமோனைற்று போன்ற கடல் எச்சத்தைச் சுற்றிக் கனிமம் திரண்டு இறுகிய உருண்டைகளே என்று விளக்கினர். சிப்பியும் பெலம்நைற்றும் மலிந்த கடற்படிவில் கூடு கட்டி முட்டையிட்ட டைனோசரைத் தேடுவது பொருந்தாது என்று முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, கல்லமேட்டின் நிலப்படிவில் கிடைத்த உண்மையான டைனோசர் எலும்புகளை 1980களில் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் புருஹத்காயோசரஸ் என்ற பெயரிட்டு அறிவித்தனர். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று எண்ணப்பட்ட அதன் எலும்புகள், நீரில் ஊறிப் பொடியும் தன்மையவாக இருந்ததனால் சிதைந்தழிந்தன; எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. அது பற்றிய வாதம் இன்றும் முடியாமலிருப்பதற்கு அதுவே காரணம்.

களத்தில் பின்பற்ற வேண்டிய முறைகள் எளியவை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் செல்வது நல்லது, மழை களியைக் கழுவிப் புதிய எச்சங்களை வெளிக்கொணர்ந்திருக்கும், வெயிலும் கொல்லாது. உச்சிவேளையைவிட, நிழல் நீளும் காலையிலும் மாலையிலும் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். சரிவில் உதிர்ந்து கிடப்பதும் பாறை அடுக்கிலேயே பதிந்திருப்பதும் ஒன்றல்ல. உதிர்ந்தது எந்த அடுக்கிலிருந்து வந்ததென்று மேலே ஏறித் தேடிப் பார்த்த பின்னரே அதற்கு வயது கூற முடியும். எடுப்பதற்கு முன் அளவுகோல் வைத்துப் படம் பிடிப்பதும், கைப்பேசியில் இட அமைவைப் பதிவதும், ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் தனித்தனியே சுற்றி எண் இடுவதும் தவிர்க்கக் கூடாதவை. எலும்பு கிடைத்தால் தோண்டாமல் விட்டு அறிஞர்க்கு அறிவிக்க வேண்டும்; நனைத்த சாக்குத் துணியும் பாரிஸ் சாந்தும் கொண்டு உறையிட்ட பின்னரே எலும்பைப் பெயர்ப்பது அவர்களது வழக்கம். இந்தியாவில் புவிமரபுக் களங்களைக் காப்பதற்கான சட்ட வரைவு ஒன்று 2022 இல் வெளியிடப்பட்டது. சட்டம் எப்படியிருப்பினும், அரியலூர்க் கற்களைப் பெட்டியில் போட்டு வானூர்தி ஏற்றாமல் படங்களோடு திரும்புவதே இலங்கைப் பயணிகளுக்குத் தொல்லையற்றது.

புத்தளத்திலோ யாழ்ப்பாணத்திலோ இசைவு பெற்றுத் திரட்டியவற்றைப் பெயர் அறியப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கும், கொழும்பில் இயற்கை வரலாற்றுக்கென உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கும் காட்டலாம். அங்கு முதலில் கேட்கப்படுவது கல்லையல்ல, அதனோடு சுற்றப்பட்டிருக்க வேண்டிய துண்டுச்சீட்டை: ஊரின் பெயர், அடுக்கின் உயரம், மேலும் கீழும் இருந்த பாறையின் நிறமும் வகையும், எடுத்த நாள். கல்முனை வட்டாரப் பாடசாலைகளின் ஆய்வுகூட அலுமாரிகளில் பெயரும் ஊருமின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சிப்பிகளுக்கு இந்த நான்கு வரிகள் இருந்திருந்தால், அவற்றைக் கொண்டே மாணவர்க்கு ஒரு தவணைப் பாடம் நடத்தியிருக்கலாம்.